உங்கள் கான்லாங்கின் வினைச்சொல்லை விவரிப்பது எப்படி: காலமும் செயப்பாட்டுவினையும்

கான்லாங், அதாவது ஒருவர் தானே உருவாக்கும் செயற்கை மொழி, செய்பவர்கள் எழுதி வைக்கும் இலக்கணக் குறிப்புகளில் வினைச்சொல் பகுதி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு அட்டவணை, அதில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று விகுதிகள், கீழே 'செயப்பாட்டுவினைக்கு இந்த ஒட்டைச் சேர்க்கவும்' என்று ஒரு வரி, அத்தோடு பெயர்ச்சொல்லுக்குப் போய்விடுவார்கள். அதைப் படித்துவிட்டு அந்த மொழியில் ஒரு பத்தி எழுத உட்காருகிறவர் சீக்கிரமே மாட்டிக்கொள்வார். 'நேற்று நான் போனபோது கடை பூட்டியிருந்தது' என்று எழுத வேண்டும். பூட்டியது நேற்றா, அதற்கு முன்பா, பூட்டியது யார் என்று சொல்லாமல் விடலாமா, தானாகப் பூட்டிக்கொண்டது என்றால் அதே வடிவமா, வேறா? அட்டவணையில் இதற்கெல்லாம் பதில் கிடையாது.

ஒரு வடிவத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் அதை விவரித்ததாக ஆகிவிடாது. அது வாக்கியத்தில் யாரை முன்னால் கொண்டுவருகிறது, யாரைத் தள்ளுகிறது, காலத்தை எந்த இடத்திலிருந்து அளக்கிறது, வேறு எதனோடு சேரும், எதனோடு சேராது என்று எழுத வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், உலகத்திலேயே அதிகம் பேர் பேசும் செயற்கை மொழியான எஸ்பெராந்தோ இதே இடத்தில் பல பத்தாண்டுகள் சண்டை போட்டிருக்கிறது.

எஸ்பெராந்தோவில் எழுதாமல் விட்ட ஒரு வரி

சாமன்ஹோஃப் 1887-இல் வார்சாவில் வெளியிட்ட எஸ்பெராந்தோவின் இலக்கணம் மொத்தமே 16 விதிகள். ஆறாவது விதி முழுக்க வினைச்சொல்லைப் பற்றியது. ஆள், எண் எதற்கும் வினை மாறாது. நிகழ்காலத்துக்கு -ஆஸ், இறந்தகாலத்துக்கு -இஸ், எதிர்காலத்துக்கு -ஓஸ், 'செய்திருந்தால்' வகைக்கு -உஸ், ஏவலுக்கு -உ, பெயர்வடிவத்துக்கு -இ. இதுவரை எந்தக் குழப்பமும் இல்லை. அதற்கப்புறம் எச்ச வடிவங்கள் ஆறு: செய்கிறவர் பக்கத்தில் -ஆந்த், -இந்த், -ஓந்த், செய்யப்படுவது பக்கத்தில் -ஆத், -இத், -ஓத். மூன்றும் முறையே நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம். செயப்பாட்டுவினை வேண்டுமென்றால் 'இரு' என்ற பொருள்தரும் 'எஸ்தி'யோடு இந்த இரண்டாவது வகை எச்சம் ஒன்றைச் சேர்க்க வேண்டும், செய்தவரைச் சொல்ல 'தே' என்ற முன்னிடைச்சொல். 'ஷி எஸ்தாஸ் அமாதா தே சியுய்', அதாவது 'அவள் எல்லோராலும் நேசிக்கப்படுகிறாள்'.

பார்க்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! இப்போது 'அந்த வீடு 1910-இல் கட்டப்பட்டது' என்று எழுதிப் பாருங்கள். 'எஸ்திஸ்' என்பது நிச்சயம், ஏனென்றால் நடந்தது இறந்தகாலம். அடுத்து 'கோன்ஸ்த்ருஆதா'வா, 'கோன்ஸ்த்ருஇதா'வா? ஒரு சாரார், எச்சம் காட்டுவது காலத்தை மட்டும்தான், 1910 என்ற அந்தப் பொழுதிலிருந்து பார்த்தால் கட்டும் வேலை அப்போதுதான் நடந்தது, அதனால் -ஆத் போட வேண்டும் என்றார்கள். மறு சாரார், -இத் என்பது வேலை முடிந்ததைக் காட்டுகிறது, -ஆத் போட்டால் 'கட்டிக்கொண்டிருந்தார்கள்' என்று ஆகிவிடும், ஆகவே -இத் தான் சரி என்றார்கள். இரண்டு தரப்புக்கும் அந்தந்த வடிவத்தின் பெயரிலேயே பட்டம் வந்துவிட்டது. எஸ்பெராந்தோ அகாதெமி -இத் பக்கம் முடிவு சொன்னது 1967-இல், மொழி வெளியாகி 80 ஆண்டுகள் கழித்து.

விதியில் 'இறந்தகாலம்' என்று எழுதியிருந்தது, எதிலிருந்து பார்த்து இறந்தகாலம் என்று எழுதவில்லை. அது காலமா, அல்லது செயல் முடிந்த நிலையா என்றும் எழுதவில்லை. ஒரு வரியும் நல்ல எடுத்துக்காட்டு இரண்டும் இருந்திருந்தால் அந்தச் சண்டையில் பெரும்பகுதி எழுந்தே இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் குறிப்பில் முதலில் எழுத வேண்டியது அந்த ஒரு வரிதான்.

காலத்தை எங்கிருந்து அளக்கிறீர்கள்

தத்துவ அறிஞர் ஹான்ஸ் ரைஷன்பாக் 1947-இல் சொன்ன மூன்று புள்ளிக் கணக்கு இதற்கு இன்றும் கைகொடுக்கிறது. பேசும் நேரம் ஒன்று, செயல் நடந்த நேரம் ஒன்று, நாம் எங்கே நின்றுகொண்டு பார்க்கிறோம் என்ற நேரம் இன்னொன்று. கடை உதாரணத்தில் பேசுவது இன்று, பார்த்த நேரம் நேற்று நான் போன பொழுது, பூட்டியது அதற்கும் முன்னால். உங்கள் மொழியின் ஒவ்வொரு கால வடிவத்துக்கும் இந்த மூன்றில் எந்த இரண்டை அது ஒப்பிடுகிறது என்று எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. பேசும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது நேரடிக் காலம், பார்க்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் சார்ந்த காலம். எஸ்பெராந்தோவில் -இஸ் முதல் வகை. -இத் இரண்டாவது வகையா, அல்லது காலமே இல்லையா என்பதுதான் அங்கே பிரச்சினை.

காலமே இல்லாமல் என்றால்? செயல் நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா, வழக்கமாக நடப்பதா என்பது காலத்திலிருந்து வேறான விஷயம், மொழியியலில் ஆஸ்பெக்ட் என்பார்கள். பள்ளி இலக்கணத்தில் முக்காலம் மட்டுமே படித்த நமக்கு இதைக் காலத்தோடு சேர்த்துக் கட்டிவிடும் பழக்கம் உண்டு. ஸ்டார் ட்ரெக் படங்களுக்காக மார்க் ஒக்ரண்ட் உருவாக்கிய கிளிங்கான் மொழியைப் பார்த்தால் இரண்டும் எவ்வளவு தனித்தனி என்பது புரியும். அந்த மொழியில் கால விகுதியே கிடையாது. நேற்று, நாளை என்ற சொற்களும் பேசும் சூழலும்தான் காலத்தைச் சொல்கின்றன. வினையில் வருவது வேறு: -பு என்றால் செயல் முடிந்தது, -தா என்றால் வேண்டுமென்றே செய்து முடித்தது, -தாஹ் என்றால் தொடர்ந்து நடப்பது, -லி என்றால் ஒரு முடிவை நோக்கி நடந்துகொண்டிருப்பது. புதிதாகக் கற்பவர்கள் -பு வை இறந்தகால விகுதி என்று எடுத்துக்கொள்வார்கள், ஆனால் நாளைக்குள் முடிந்திருக்கப் போகும் காரியத்துக்கும் அது வரலாம். உங்கள் மொழியில் இப்படி ஒரு ஒட்டு இருந்தால், அதை எதிர்கால வாக்கியத்தில் போட்டு ஒரு எடுத்துக்காட்டு கட்டாயம் கொடுங்கள். அங்கே நின்றால் அது ஆஸ்பெக்ட், நிற்கவில்லை என்றால் காலம். இதைவிட எளிய சோதனை இல்லை.

அவதார் படத்துக்காகப் பால் ஃப்ரோமர் செய்த நாவி மொழி வேறு வழியில் போகிறது. அங்கே ஒட்டுகள் சொல்லின் நடுவில் நுழைகின்றன. 'தரோன்' என்றால் வேட்டையாடு. 'தமரோன்' வேட்டையாடினார், 'திமரோன்' சற்றுமுன் வேட்டையாடினார், 'தயரோன்' வேட்டையாடுவார், நெருங்கிய எதிர்காலத்துக்குத் தனியாக இன்னொன்று. 'தோலரோன்' என்றால் செயல் முடிந்தது, அதில் காலம் இல்லை. காலமும் தொடர்ச்சியும் சேர்ந்தால் 'தர்மரோன்', வேட்டையாடிக்கொண்டிருந்தார். இரண்டு ஒட்டும் உருகி ஒன்றாகிவிட்டன, கவனித்தீர்களா? இப்படி உருகும் இடங்களைக் குறிப்பில் தனியாக எழுத வேண்டும், இல்லையென்றால் படிப்பவர் இரண்டையும் வரிசையாகப் போட்டு இல்லாத ஒரு சொல்லை உண்டாக்கிவிடுவார். சற்றுமுன், வெகுமுன் என்று அளவு வைக்கும் மொழியென்றால், ஐந்து நிமிடமா, இன்று காலையா, போன வாரமா என்று எடுத்துக்காட்டில் காட்டிவிடுங்கள்.

செயப்பாட்டுவினை: யார் உள்ளே, யார் வெளியே

இந்தப் பகுதி முழுவதையும் வாய்ஸ் என்றே சொல்கிறேன், ஆக்டிவ் வாய்ஸ் பாசிவ் வாய்ஸ் என்று பள்ளியில் படித்ததுதான், ஆனால் தன்வினை, பிறவினை, தனக்குத்தானே செய்துகொள்வது எல்லாம் இதே குடும்பம்.

முதலில் நான்கு வினைகளைத் தேர்ந்தெடுங்கள். செய்பவர், செய்யப்படுவது இரண்டும் உள்ள ஒன்று (உடை), செய்பவர் மட்டும் உள்ளது (தூங்கு), மூன்று பேர் வேண்டியது (கொடு), அனுபவத்தைச் சொல்வது (பிடிக்கும், தெரியும் மாதிரி). ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாய்ஸ் ஒட்டைப் போட்டுப் பாருங்கள். எழுவாய் இடத்துக்கு யார் வருகிறார்? பழைய எழுவாய் காணாமல் போகிறதா, வேறு வேற்றுமையில் ஒதுங்குகிறதா, விரும்பினால் சொல்லலாமா, சொல்லவே கூடாதா? 'கொடு'வில் எழுவாயாவது பொருளா, பெற்றுக்கொள்பவரா? தூங்குவதற்குச் செயப்பாட்டுவினை உண்டா? தமிழில் 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்பதைச் செயப்பாட்டுவினையாக்க முடியாது. அது ஒரு குறை இல்லை, மொழியின் இயல்பு. உங்கள் மொழியிலும் முடியாத இடம் இருந்தால் 'இதற்கு வராது' என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

செயப்பாட்டுவினைக்கும் 'தானாக நடந்தது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் பெரும்பாலான குறிப்புகள் சறுக்குகின்றன. எஸ்பெராந்தோ இதை நன்றாகவே வைத்திருக்கிறது. 'ஃபெர்மி' என்றால் ஒருவர் ஒன்றை மூடுவது. 'லா போர்தோ எஸ்திஸ் ஃபெர்மிதா' என்றால் கதவு மூடப்பட்டது, யாரோ மூடினார்கள். 'லா போர்தோ ஃபெர்மிஜிஸ்' என்றால் கதவு மூடிக்கொண்டது, காற்றாக இருக்கலாம், யார் என்ற கேள்வியே எழவில்லை. அந்த -இஜ் ஒட்டுக்கு எதிர்த்திசையில் -இக்: 'லா அக்வோ போலாஸ்' தண்ணீர் கொதிக்கிறது, 'மி போலிகாஸ் லா அக்வோன்' நான் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறேன். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எந்த வேர் இயல்பிலேயே தன்வினை, எது பிறவினை என்று ஒவ்வொன்றாக நினைவில் வைக்க வேண்டும். 'கொமென்ஸி', அதாவது தொடங்கு, பிறவினை வேர், அதனால் 'வகுப்பு தொடங்குகிறது' என்று சொல்ல -இஜ் சேர்த்தே ஆக வேண்டும், கற்பவர்கள் அடிக்கடி தவறும் இடம் இது. ஆகவே உங்கள் அகராதியில் ஒவ்வொரு வினைக்குப் பக்கத்திலும் தன்வினையா பிறவினையா என்று ஒரு குறி போடுங்கள். அகராதி பெரிதான பிறகு திரும்பி வந்து போடுவது மிகவும் சலிப்பான வேலை, முதல் நாளிலிருந்தே போட்டுவிடுவது நல்லது.

செயப்பாட்டுவினை கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நாவியில் கிடையாது. யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதை வேற்றுமை உருபே காட்டிவிடுவதால் சொற்களை எந்த வரிசையிலும் போடலாம், செய்தவர் தெரியாவிட்டால் 'யாரோ ஒருவர்' என்ற பொருளில் 'ஃப்கோ' போட்டுவிடலாம். நாமும் பேசும்போது 'இந்த வீடு எங்கள் தாத்தாவால் கட்டப்பட்டது' என்று எங்கே சொல்கிறோம்? 'இந்த வீட்டை எங்கள் தாத்தா கட்டினார்' என்று வீட்டை முன்னால் நகர்த்திவிட்டாலே வேலை முடிந்தது. கிளிங்கானில் -லு என்ற ஒட்டு செய்பவரை 'யாரோ' என்று ஆக்குகிறது, அதோடு முன்னொட்டின் பொருளும் புரண்டுவிடுகிறது: 'விலெக்' என்றால் நான் அவரைப் பார்க்கிறேன், 'விலெக்லு' என்றால் யாரோ என்னைப் பார்க்கிறார்கள். இதைச் 'செயப்பாட்டுவினை' என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தால் அந்தப் புரட்டல் யாருக்கும் தெரிந்திருக்காது. லோஜ்பான் என்ற செயற்கை மொழியில் இன்னொரு வகை. அங்கே வினைக்கு எண்ணிட்ட இடங்கள் உண்டு. 'துந்தா' என்றால் முதல் இடத்தில் கொடுப்பவர், இரண்டாவதில் பொருள், மூன்றாவதில் பெறுபவர். 'ஸே' போட்டால் முதலும் இரண்டும் இடம் மாறும், 'தே' போட்டால் முதலும் மூன்றும் மாறும். 'மி துந்தா தி தோ' நான் இதை உனக்குக் கொடுக்கிறேன், 'தோ தே துந்தா தி மி' நீ இதை என்னிடமிருந்து பெறுகிறாய். யாரும் வாக்கியத்தை விட்டு வெளியே போகவில்லை, நாற்காலிதான் மாறியிருக்கிறது. உங்கள் மொழியின் ஒட்டு ஆளை வெளியேற்றுகிறதா, இடம் மட்டும் மாற்றுகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

இரண்டும் சந்திக்கும் இடம்

காலத்தையும் வாய்ஸையும் தனித்தனி அட்டவணையாகப் போட்டால் அவை ஒன்றையொன்று தொடும் இடங்கள் மறைந்துவிடும். தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள்: உடைந்தது, உடைத்தது, உடைகிறது, உடைக்கிறது, உடையும், உடைக்கும். வேர் ஒன்றுதான். தானாக உடைந்ததா, ஒருவர் உடைத்தாரா என்பதைக் காட்டுவது காலம் காட்டும் இடமேதான், அங்கே வரும் ந்த்-க்கும் த்த்-க்கும் உள்ள வேறுபாடுதான். இதைக் 'கால விகுதிகள்', 'பிறவினை விகுதிகள்' என்று இரண்டாகப் பிரித்து எழுத முயன்றால் இரண்டு அட்டவணையுமே அரைகுறையாகிவிடும். ஆகவே ஒரே கட்டமாகப் போடுங்கள், ஒரு பக்கம் காலங்கள், மறு பக்கம் வாய்ஸ் வகைகள், ஒவ்வொரு கட்டத்திலும் முழுச் சொல். விகுதியை மட்டும் எழுதாதீர்கள், சொல்லை எழுதினால்தான் எங்கே எழுத்து திரிகிறது என்று உங்களுக்கே தெரியும். காலியாக விட வேண்டிய கட்டம் இருந்தால் காலி என்று எழுதுங்கள், படிப்பவர் நீங்கள் மறந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

கட்டத்தை நிரப்பியதும் மூன்று இடங்களில் அழுத்திப் பாருங்கள். ஒன்று எதிர்மறை. தமிழில் 'வந்தான்', 'வருகிறான்' தனித்தனி, ஆனால் 'வரவில்லை' இரண்டுக்கும் பொது, 'வரமாட்டான்' தனியாக நிற்கிறது. உடன்பாட்டில் உள்ள கால வேறுபாடு எதிர்மறையில் அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. உங்கள் மொழியில் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

இரண்டாவது, பெயருக்கு முன்னால் வரும் எச்சம். தொல்காப்பிய உரைகாரர்கள் காட்டும் 'புலி கொல் யானை' என்ற தொடர் ஞாபகம் இருக்கிறதா? புலி கொன்ற யானையா, புலியைக் கொன்ற யானையா, வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது, செய்வினை செயப்பாட்டுவினை வேறுபாடு அந்த இடத்தில் இல்லாமல் போய்விடுகிறது. எஸ்பெராந்தோவிலோ -ஆந்த், -ஆத் என்று பிரிந்தே நிற்கிறது. உங்கள் மொழியில் 'கொன்ற' என்பதற்கு ஒரு வடிவமா இரண்டா? ஒன்றுதான் என்றால் சொல் வரிசையா, வேற்றுமையா, சூழலா, எது காப்பாற்றுகிறது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதினாலே குறிப்பின் தரம் கண்ணுக்குத் தெரியும்படி உயரும்.

மூன்றாவது, ஒட்டுகளின் வரிசை. 'செய்விக்கப்பட்டது' என்பதில் முதலில் பிறவினை, அதன்மேல் செயப்பாட்டுவினை, கடைசியில் காலமும் பாலும். வரிசையை மாற்றினால் பொருள் மாறுமா? சில மொழிகளில் 'அடிக்கப்படும்படி செய்தான்' வேறு, 'அடிக்க வைக்கப்பட்டான்' வேறு, இரண்டுக்கும் ஒரே ஒட்டுகள், வரிசை மட்டும் மாறியிருக்கும். பகுதி, சந்தி, இடைநிலை, சாரியை, விகுதி என்று சொல்லைப் பிரிக்க நன்னூலில் படித்தவர்களுக்கு இந்த இடம் எளிதாக வரும், அதே பழக்கத்தில் ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு இடம் ஒதுக்கி எண் போட்டுவிடுங்கள். கிளிங்கானில் வினை விகுதிகளுக்கு அப்படி ஒன்பது வகை எண் இருக்கிறது, எது எதற்கு முன் வரும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டை எப்படிப் போடுவது

மூன்று வரி முறை போதும். முதல் வரியில் வாக்கியம், ஒட்டுகள் பிரித்து. இரண்டாவது வரியில் ஒவ்வொரு துண்டுக்கும் நேர்ப் பொருள். மூன்றாவது வரியில் இயல்பான தமிழ். லைப்ட்சிக் விதிகள் என்று மொழியியலில் ஒரு பொது முறை உண்டு, அதில் பிரிக்கக்கூடிய துண்டுகளுக்கு நடுவே சிறு கோடு, உருகிப்போனவற்றுக்கு நடுவே புள்ளி, நடுவில் நுழையும் ஒட்டுக்குக் கோண அடைப்பு. இப்படி:

லா தொம்-ஓ எஸ்த்-இஸ் கோன்ஸ்த்ரு-இத்-ஆ
அந்த வீடு-பெயர் இரு-இறந் கட்டு-செயப்.முடிவு-அடை
'அந்த வீடு கட்டப்பட்டது'

சுருக்கங்களை (இறந், செயப், அடை) ஒரு முறை பட்டியலிட்டு, கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். '-இத்' என்பதற்கு நேராக 'இறந்' என்று போடாமல் 'முடிவு' என்று போட்டிருக்கிறேன், பாருங்கள். அந்த எஸ்பெராந்தோ சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பது அந்த ஒரு சுருக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. பெயர் வைக்கும்போது இவ்வளவு கவனம் வேண்டும்.

எடுத்துக்காட்டுகளைத் தனித்தனி வாக்கியங்களாக மட்டும் போடாமல் ஒரு சின்னக் கதையாகவும் எழுதிப் பாருங்கள், ஏழெட்டு வாக்கியம் போதும். ஒருவர் ஊருக்கு வருகிறார், கடை பூட்டியிருக்கிறது, பூட்டு உடைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறார், உள்ளே யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், கதவு தானாகத் திறக்கிறது. தனி வாக்கியத்தில் ஒழுங்காக இருந்த கால வடிவம் கதைக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்று அப்போதுதான் தெரியும்: முதல் வாக்கியத்தில் இறந்தகாலம் போட்டபின் மற்றவற்றிலும் ஒவ்வொரு தடவையும் போட வேண்டுமா, பின்னணியைச் சொல்லும் வினைக்கும் அடுத்தடுத்து நடந்ததைச் சொல்லும் வினைக்கும் ஒரே வடிவமா? தமிழ்க் கதைகளில் 'வந்து, பார்த்து, திகைத்து நின்றான்' என்று கடைசி வினை மட்டும் காலத்தைச் சுமக்கும். உங்கள் மொழியிலும் அப்படியா, இல்லை ஒவ்வொரு வினையும் தனியாகச் சுமக்குமா?

எழுதிய பிறகு குறிப்பை மொழி தெரியாத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அந்தக் கதையை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். அவர் உங்களைக் கேட்க வரும் ஒவ்வொரு கேள்வியையும் வாயால் பதில் சொல்லி முடித்துவிடாமல், பதிலைக் குறிப்பிலேயே எழுதி, அந்த இடத்தைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்.